பொம்மையின் திறப்பு விழா

பொம்மை தைப்பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. வைகாசி பிறந்தும் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மூச்சு விடவும், நாடி துடிக்கவும், பிழையாகக் கையாண்டால் சிவப்பு விளக்கை எரித்துக் கோபிக்கவும் தெரிந்த சிகிச்சைப் பயிற்சிப் பொம்மை அது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. மனிதர் செய்கிற எல்லாவற்றையும் செய்யக்கூடிய அந்தப் பொம்மையால் முடியாத ஒரே காரியம், பிரதம விருந்தினர் இல்லாமல் திறக்கப்படுவது.

அந்தப் பெட்டியைப் பற்றி நாட்டில் அதிகம் யோசித்த ஆள் அனோஜாவாகத்தான் இருக்கும். அம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் இருந்து போகிற வேலை அவளுக்கு. பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. சனம் அதை மதிக்காமல் "அம்புலன்ஸ் பிள்ளை" என்று கூப்பிடும். சேர்ந்து இன்னும் ஒரு வருசம் நிறையவில்லை. அதற்குள் கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குகிற பழக்கம், எந்தக் கதிரையிலும் இருந்தவுடன் தூங்கிப்போகிற வித்தை எல்லாம் கைவந்துவிட்டன.

அந்தப் பொம்மையில் பழக அவள் விண்ணப்பித்திருந்த பயிற்சியின் பெயர், 'தீவிர பராமரிப்பு உயர்நிலை அவசர சிகிச்சை ஆற்றல் மேம்பாட்டுப் பயிற்சிநெறி'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நோயாளி நீலம் பாரித்துவிடுவார். மாவட்டத்துக்கு ஒரு இடம். அந்த ஒரு இடத்துக்கு அனோஜாவைத் தெரிவு செய்திருந்தார்கள். அவளோடு ஒன்றாகப் படித்து வந்த கிருசாந்தன் பதில் ஆள். அவள் விழுந்தால் அவன் எழும்பலாம்.

அவளுக்குச் சான்றிதழில் ஆசையில்லை. சம்பளம் கூடும் என்று சொன்னார்கள், அதை நம்புகிற வயதையும் அவள் கடந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் ஒரு கடற்றொழிலாளியை ஏற்றினாள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர் மணலில் சரிந்து மூச்சு நின்றுபோயிருந்தார். முகத்தில் மூடியைப் பொருத்திக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்று ஊட்டுகிற பை ஒன்று அம்புலன்ஸில் இருக்கும். ஆஸ்பத்திரி வரைக்கும் அமுக்கினாள். போய்ச் சேர்ந்தபோது மனுசனுடைய வயிறு மத்தளம் மாதிரி ஊதியிருந்தது. டொக்டர் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், நேரத்தை எழுதினார். அவ்வளவுதான். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. தான் அமுக்கிய காற்று நெஞ்சுக்குப் போனதா, வயிற்றுக்குப் போனதா? கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அவசரத்தில் இருந்தார்கள். பொம்மைக்கு அவசரம் இல்லை. நெஞ்சுக்குக் காற்றுப் போனால் பச்சை விளக்கு, வயிற்றுக்குப் போனால் சிவப்பு விளக்கு என்று அது முகத்துக்கு நேரே சொல்லிவிடுமாம்.

அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள். கடைசியில் ஒருவாறு பிரதம விருந்தினர் கிடைத்தார்.

விழா நாளன்று இரவுக் கடமை முடிந்து நேரே மண்டபத்துக்கு வந்தாள். பரந்தன் சந்தி தாண்டி, ஏ9 வீதியோரத்தில் நிற்கிற பொது மண்டபம் அது. அம்புலன்ஸும் விழாவுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காட்சிக்காம். சாரதி ஜமால்தீன் அதை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் முன் கண்ணாடிக்கு மேலே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கக் கதவுகளிலும் ஏற்கெனவே வாழைக்குட்டிகள் கட்டியாகிவிட்டன. கூரையில் சுழல்கிற நீல விளக்குக்கு ஒரு செவ்வந்தி மாலை.

"என்ன நானா, பொம்பிளை எடுக்கப் போறியளோ?" என்றாள் அனோஜா.

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி. கட்டு எண்டாங்க, கட்டுறன். எங்கட தண்ணீரூற்றுப் பள்ளிவாசல்ல ஓலை கட்டுற வழக்கம் இல்ல. இது நேரா இருக்கா, கோணலா இருக்கா, அத மட்டும் பாரு."

அவள் பார்த்தாள். கண் சொருகியது. "நேராத்தான் கிடக்கு" என்றாள்.

அந்த நேரத்தில் பயிற்சியின் இணைப்பாளர் ஜெயந்தன் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வைகாசி வெயிலில் வன்னியில் கழுத்துப்பட்டி கட்டுகிறவர் ஒன்றில் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது இணைப்பாளராக இருக்க வேண்டும். கொழும்பில் நெடுங்காலம் இருந்தவர். எதையும் 'முன்னெடுப்பார்'. தண்ணீர் குடிக்கப் போனாலும் முன்னெடுத்துவிட்டுத்தான் வருவார்.

"தங்கச்சி, மேடையில பொம்மைப் பெட்டி மட்டும் தனிய மொட்டையாக் கிடக்குது. உங்கட வண்டிக்குள்ள இருக்கிற சாமானுகளில ரெண்டு மூண்டு வடிவானதாப் பாத்து எடுத்து மேசையில வையுங்கோ. வெட்டுற நாடாவுக்குள்ள எல்லாம் ஒண்டா வரட்டும்."

"வண்டி வெறுமையா நிண்டால் சேர்..."

"இண்டைக்கு உங்கட வண்டிக்குக் கடமை இல்லை. மத்த வண்டி பாக்கும். ஒரு மணித்தியால அலுவல்."

இந்த இடத்தில் அனோஜா மறுத்திருக்கலாம். மறுக்கிற தெம்பு இல்லை என்பது பாதி உண்மை. மறுபாதி, பயிற்சிக்கான வரவுப் பதிவு ஜெயந்தன் கையில் இருந்தது. முதல்நாளான விழாவன்று வரவு பதியும்போது இருக்கையில் இல்லாதவருக்கு இடம் இல்லை என்று கண்டிப்பாக அறிவித்திருந்தார்கள். ஆகவே அவள் தானே போய், தானே வண்டிக்குள் இருந்த சாமான் தட்டைத் திறந்து, காற்றுப் பையையும் அதன் முகமூடிகளையும் இன்னும் சில பளபளப்பான சாமான்களையும் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். ஜெயந்தன் காற்றுப் பையின்மேல் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினார். பிறகு பெட்டியையும் மேசையையும் சேர்த்துச் சிவப்பு நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். பக்கத்தில் தட்டு, தட்டில் கத்தரிக்கோல், கத்தரிக்கோலுக்கும் ஒரு குட்டி நாடா.

விழா தொடங்கியது. அதாவது, பிரதம விருந்தினர் வரும்வரை தொடங்கியது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அறிமுகவுரை என்று ஒவ்வொருவராக எழும்பி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் நேரத்தின் அருமையைப் பற்றியே பேசினார்கள். அவசர சிகிச்சையில் ஒவ்வொரு விநாடியும் பொன் என்று ஒருவர் சொல்லவே, அடுத்தவர் வைரம் என்றார். பிரதம விருந்தினர் பரந்தனைத் தாண்டிவிட்டார் என்று அடிக்கடி அறிவித்தார்கள். காலையிலிருந்து அவர் பரந்தனைத் தாண்டிக்கொண்டேயிருந்தார்.

அனோஜா முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் தூங்கி விழுந்தாள். கிருசாந்தன் முழங்கையால் இடித்தான். அவனுடைய சீருடை புதிதாக அழுத்தப்பட்டு, மடிப்பு விழுந்து, வீட்டில் தாயார் பார்த்துப் பூரிக்கும்படி இருந்தது.

"எழும்படி, படம் எடுக்கிறாங்கள். வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாய்."

"எடுக்கட்டும். நோயாளி எண்டு போடட்டும்."

அப்போது அவளுடைய இடுப்பில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. அழைப்பு நிலையத்துப் பெண்ணின் குரல். "அக்கா, விழாவில நிக்கிறியள் எண்டு தெரியும். மத்த வண்டி ஒரு ஆளை ஏத்திக்கொண்டு வவுனியாவுக்குப் போட்டுது. பரந்தனுக்குக் கிட்ட ஒரு ஐயாவுக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்காம். வேற வண்டி வர நேரம் எடுக்கும்."

அவள் எழும்பினாள். பெரிய வீரமொன்றும் பொங்கவில்லை. கால் தன்பாட்டில் எழும்பிவிட்டது, மிச்ச உடம்பு பின்னால் போனது. ஜெயந்தன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து வாசலில் மறித்தார்.

"எங்க பிள்ளை போறியள்? விருந்தினர் பரந்தனைத் தாண்டிட்டார்!"

"நான் பரந்தனுக்குத்தான் போறன் சேர். வழியில கண்டால் சொல்லுறன்."

"வண்டி இல்லாமல் நான் எதைக் காட்டுறது? வரவு பதியேக்கை நீங்கள் இருக்கவேணும். இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது, சொல்லிப்போட்டன்."

கிருசாந்தன் பின்னால் இருந்து சொன்னான்: "நீ போட்டு வா. நான் உன்ர கதிரையைப் பாத்துக்கொள்ளுறன்." நல்ல மனதோடுதான் சொன்னான். கதிரையும் நல்ல கதிரை.

ஜமால்தீன் ஏற்கெனவே வண்டியை முறுக்கிவிட்டார். வாழைக்குட்டிகளை அவிழ்க்க நேரமில்லை. செவ்வந்தி மாலையோடு நீல வெளிச்சம் சுழல, வாழை இலைகள் இருபக்கமும் படபடக்க, அம்புலன்ஸ் ஏ9 வீதியில் பறந்தது. எதிரே வந்த பஸ் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. ஜன்னலுக்குள் இருந்த சனம் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

வீடு வயலோரத்தில் இருந்தது. மலையகத்திலிருந்து ஒரு கலவரக் காலத்தில் வந்து, காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பம். ஆண்டியப்பன் முற்றத்தில் கதிரையொன்றில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பவர் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவருடைய மனைவி பேச்சியம்மா வாசலுக்கு ஓடி வந்தா. வந்தவ வண்டியைக் கண்டதும் அப்படியே நின்றா. நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டா, பக்கத்து வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"அடப் பாவிகளா! உசுரோட இருக்குற மனுசனுக்கு என்னாத்துக்குடா எழவுத் தோரணம் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க!"

அனோஜா திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் கண் திறந்து பார்த்தாள். மங்கல வீட்டுத் தோரணத்தில் ஓலையில் மடித்த குருவிகள் தலை நிமிர்ந்து நிற்கும். செத்த வீட்டுத் தோரணத்தில் தலை கவிழ்ந்து தொங்கும். ஜமால்தீன் நேராகத்தான் கட்டியிருந்தார். நேராகவே எல்லாக் குருவியும் தலை கவிழ்ந்து தொங்கின. சந்தையில் எந்த வீட்டுக்கோ பின்னிய மிச்சத்தை, குருவியின் தலையைப் பாராமல் வாங்கிவந்தவர் ஜெயந்தன். விழாக் குழுவில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அழைப்பிதழில் யாருடைய பெயர் யாருடைய பெயருக்கு மேலே வருகிறது என்பதைப் பார்த்தே அவர்களுக்குக் கண் களைத்திருந்தது.

"அம்மா, அது விழாவுக்குக் கட்டினது. செத்த வீட்டு வண்டி இல்லை அம்மா இது, அம்புலன்ஸ்" என்றாள் அனோஜா.

"எனக்குத் தெரியாதா? பாடை மாதிரி வாழமரம் வேற! இதுல அவரை ஏத்த வுட மாட்டேன்!"

ஜமால்தீன் இறங்கி வந்தார். "நான்தாம்மா கட்டினன். சத்தியமா எனக்குத் தெரியா. நீங்க பேசுங்க, நல்லாப் பேசுங்க, ஆனா ஏத்திட்டுப் பேசுங்க." சொல்லிக்கொண்டே தோரணத்தைப் பிடித்து இழுத்தார். அது அறுந்து பாதி கையோடு வந்தது, பாதி கண்ணாடித் துடைப்பானில் சிக்கிக்கொண்டது.

கதிரையில் இருந்த ஆண்டியப்பன் தலையை மெல்ல நிமிர்த்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சுச் செலவழித்தார். "ஏய்... பேச்சி... நான் இன்னும்... சாகல்ல. செத்தா... இதே வண்டிய... கூப்புடு."

மனுசி அழுதபடி சிரித்தா. அந்த இடைவெளிக்குள் இரண்டு பேருமாக அவரைத் தூக்கி, நிமிர்த்தி இருத்தியபடியே வண்டிக்குள் ஏற்றினார்கள். பேச்சியம்மாவும் ஏறினா.

அனோஜா ஒட்சிசனைத் திறந்து முகத்தில் மாட்டினாள். நெஞ்சில் காதுக்குழாயை வைத்தாள். உள்ளே நீர் கொதிக்கிற சத்தம். கொஞ்சத் தூரம் போனார்கள். ஆண்டியப்பனுடைய மூச்சு இழுப்புக் குறைந்தது. குறைந்தது நல்லது என்று பேச்சியம்மா நினைத்தா. அனோஜா அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். களைத்துப்போன மனிதன் மூச்சு விடுவதையே கைவிடத் தொடங்குகிற நேரம் அது. கண் சொருகியது, தலை ஒருபக்கம் சாய்ந்தது, உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறியது. அவள் பின்னால் கையை நீட்டித் தட்டைத் திறந்தாள்.

தட்டு வெறுமையாக இருந்தது.

அவளுடைய கை அந்த வெறுமைக்குள் ஒருதரம் தடவியது. பிறகு நினைவு வந்தது. பை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். அவளேதான் கொண்டுபோய் வைத்தாள். அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூவும் இருந்தது.

"நானா! மண்டபத்துக்கு விடுங்கோ!"

"ஆஸ்பத்திரி இல்லையா?"

"மண்டபம்! பை அங்க கிடக்கு!"

ஜமால்தீன் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. மண்டபம் ஆஸ்பத்திரி போகிற வழியிலேதான் இருந்தது, வண்டியை ஒடித்து உள்ளே விட்டார்.

விழாக் குழுவினர் வாசலில் இரண்டு வரிசையாக நின்றார்கள். பரந்தன் பக்கமிருந்து மாலையும் வாழைமரமுமாக ஒரு வண்டி புழுதி கிளப்பி வருவதைக் கண்டதும், இத்தனை நேரம் பரந்தனைத் தாண்டிக்கொண்டிருந்தவர் தாண்டியே விட்டார் என்று யாரோ கத்தினார். நாதஸ்வரம் கிளம்பியது. தவில்காரர் பொரிந்து தள்ளினார். வண்டி நின்றதும் ஒருவர் முன்கதவைத் திறந்து பெரிய ரோசாமாலையை ஜமால்தீனுடைய கழுத்தில் போட்டுவிட்டார். போட்டபிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

ஜமால்தீன் மாலையைக் கழற்றவில்லை. மாலையோடு பின்னால் பாய்ந்து ஏறி, அனோஜா காட்டியபடி ஆண்டியப்பனுடைய தாடையைத் தூக்கிப் பிடித்தார். அவள் இறங்கி ஓடினாள்.

மேடையில் ஜெயந்தன் பேசிக்கொண்டிருந்தார். "விரைந்து செயற்படுதல் என்பதை நாம் ஒரு பண்பாடாகவே முன்னெடுக்க வேண்டியுள்ளது..." அனோஜா நடுப்பாதையால் ஓடி மேடையில் ஏறினாள். நாடா குறுக்கே நின்றது. பையை நாடாவுக்கு அடியால் இழுத்தாள். சுற்றிக் கட்டிய கட்டு, வரவில்லை. தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"பிள்ளை! பிள்ளை! அது அவருக்கு!" என்றார் ஜெயந்தன். ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

வெட்டினாள். நாடா இரண்டாக விழுந்தது. விழுந்த நாடாவைக் கண்டால் கைதட்டுவது நம்முடைய சனத்துக்குப் பிறவியிலேயே ஊறியது. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அவள் பையையும் முகமூடியையும் அள்ளிக்கொண்டு திரும்பி ஓடினாள். செவ்வந்திப் பூ நடுவழியில் விழுந்தது. அறிவிப்பாளர் சமயோசிதக்காரர். "இப்பொழுது நீங்கள் கண்டு களிப்பது, நேரடிச் செய்முறை விளக்கம்" என்றார். இன்னுமொரு கைதட்டல்.

வண்டி புறப்பட்டது. அனோஜா முகமூடியை அழுத்திப் பிடித்துப் பையை அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள். பேச்சியம்மா கணவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. அனோஜாவின் கண் ஆண்டியப்பனுடைய வயிற்றைவிட்டு அகலவில்லை. ஊதுகிறதா, இல்லையா? வண்டியின் குலுக்கலில் நெஞ்சும் அசைந்தது, வயிறும் அசைந்தது. ஒன்றும் விளங்கவில்லை. உதட்டில் கறுப்புக் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அல்லது வெயில் பட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் பாய்ந்து வாங்கிக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் இயந்திரங்களின் சத்தம். வெகுநேரம் கழித்து இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து பேச்சியம்மாவிடம், ஆள் தப்பிவிட்டார், இருதயத்தால் நுரையீரலில் நீர் கட்டியது, இன்னும் சில நாள் இருக்கவேண்டும் என்றார். பேச்சியம்மா அனோஜாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. "தோரணத்துக்கு ஏசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்றா.

அனோஜா டொக்டரின் பின்னால் போனாள். "டொக்டர், வழியில நான் காத்துக் குடுத்தனான். அது சரியாப் போச்சுதோ? நெஞ்சுக்குத்தான் போச்சுதோ?"

"ஆள் இருக்கிறார்தானே" என்றார் டொக்டர். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தி முடிந்து வாழையிலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் வந்தாராம். வெட்டிய நாடாவைப் பார்த்தாராம். சிரித்தாராம். தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டாராம். வரவு பதிந்து முடிந்துவிட்டது. அவளுடைய கதிரையில் கிருசாந்தன் இருந்தான். அவளைக் கண்டதும் பாதி எழும்பினான், மீதியை எழுப்ப அவனால் முடியவில்லை.

"என்ர வாழ்நாளில இப்பிடி ஒரு அவமானம்..." என்று தொடங்கினார் ஜெயந்தன்.

"ஆள் தப்பிட்டார் சேர்."

"அது வேற விசயம்" என்றார் அவர்.

அவள் மேடைக்கு ஏறினாள். மேசையில் மிச்சமாகக் கிடந்த சாமான்களை எடுத்துத் திரும்பத் தட்டில் அடுக்கினாள். பொம்மைப் பெட்டியை ஒருதரம் பார்த்தாள். அது மூடியபடி இருந்தது. நாடா போனாலும் திறக்கவேண்டியவர் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்தாள்.

மறுநாள் அவளை எழுப்பியது ஜெயந்தனுடைய அழைப்பு. பத்திரிகை ஒன்றில் படம் வந்திருந்தது: கையில் கத்தரிக்கோல், காற்றில் நாடா, பின்னால் வாய் திறந்தபடி ஜெயந்தன். 'மேடையிலிருந்து நேரே உயிர் காத்த பயிற்சி: இணைப்பாளரின் புதுமையான முயற்சி' என்று தலைப்பு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்றாம். பிரதம விருந்தினருக்கு இன்னும் பிடித்துப்போயிற்றாம். தான் பார்க்கத் தவறியதில் அவருக்கு மனவருத்தமாம்.

"அதால தங்கச்சி, இன்னொருக்கா முன்னெடுக்கிறம். அதே மாதிரி. அவர் இருக்கேக்கை நீங்கள் ஓடி வந்து, நாடாவை வெட்டி, பையை எடுத்துப் பொம்மைக்குச் செய்து காட்டவேணும். உங்கட இடம் உங்களுக்குத்தான். நான் கதைச்சிட்டன்."

"அப்ப கிருசாந்தன்?"

"அவர் நோயாளியின்ர மகன். பின்னால அழுதுகொண்டு வருவார். ஓடி வரேக்கை மட்டும் கொஞ்சம் மெதுவா ஓடுங்கோ, படம் எடுக்க. களைப்பும் முகத்தில தெரியாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

அனோஜா எழும்பி உட்கார்ந்தாள். சிரிக்கலாமா என்று யோசித்தாள், அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"பொம்மையைப் பெட்டியால எடுப்பியளோ சேர்?"

"பின்ன? அதைத் திறக்கத்தானே விழா."

"அப்ப வாறன்."

இந்தமுறை தோரணத்தில் குருவிகள் தலை நிமிர்ந்து நின்றன. ஜமால்தீன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வழியால் போன இரண்டு கிழவிகளிடம் காட்டிக் கேட்டுத்தான் கட்டினார். ஆண்டியப்பனையும் அழைத்திருந்தார்கள், பொன்னாடை போர்த்த. அவர் வரவில்லை. பொன்னாடை போர்த்தினால் மூச்சு முட்டும் என்று சொல்லி அனுப்பினாராம்.

பிரதம விருந்தினர் வந்தே விட்டார். நடுவில் உட்கார்ந்தார். சைகை காட்டினார்கள். அனோஜா ஓடினாள். மெதுவாகத்தான் ஓடினாள், அதற்குமேல் ஓடவும் முடியாது, அன்றைக்கும் இரவுக் கடமை முடித்து வந்தவள். கிருசாந்தன் பின்னால் "ஐயோ அப்பா" என்றான். மோசமில்லாமல் அழுதான். நாடா விழுந்தது. கைதட்டினார்கள்.

பொம்மை மேசையில் மல்லாந்து கிடந்தது, இத்தனை மாதமும் பெட்டிக்குள் கிடந்த பிளாஸ்டிக் மணத்தோடு. அதன் முகத்தில் முகமூடியை வைத்து, முள்ளிவாய்க்கால் மனுசனுடைய முகத்தில் பிடித்த மாதிரியே பிடித்து, பையை அமுக்கினாள்.

பொம்மையின் வயிறு மெல்ல உயர்ந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மண்டபம் கைதட்டியது. சிவப்பு விளக்கு வடிவாகத்தான் இருந்தது.

அனோஜா அசையாமல் நின்றாள். பிறகு பொம்மையின் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். அமுக்கினாள். சிவப்பு. விரல்களை மாற்றினாள். சுண்டுவிரலைத் தாடை எலும்பின் மூலைக்குக் கீழே கொடுத்து, முகமூடியைக் கீழே அழுத்தாமல் தாடையை முகமூடிக்குள் தூக்கினாள். அமுக்கினாள். நெஞ்சு உயர்ந்தது, ஒரு தூங்குகிற மனிதனுடைய நெஞ்சு மாதிரி. பச்சை.

"அருமை! போதும் தங்கச்சி, போதும்" என்று ஜெயந்தன் பல்லைக் காட்டியபடி கிசுகிசுத்தார். பிரதம விருந்தினர் பேச எழும்பிவிட்டார்.

அவள் மறுபடி தாடையை விட்டுவிட்டுப் பழைய மாதிரிப் பிடித்தாள். அமுக்கினாள். சிவப்பு. அந்தப் பிடி அவளுடைய கைக்கு நன்றாகத் தெரிந்த பிடி. கடற்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அதே பிடிதான். இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

"தங்கச்சி, விருந்தினர் பேசப் போறார். கையை எடுங்கோ."

"பேசட்டும் சேர்" என்றாள் அனோஜா. "அவருக்கு ஒலிவாங்கி இருக்குத்தானே."

பிரதம விருந்தினர் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவள் குனிந்து சுண்டுவிரலைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தூக்கினாள். பச்சை. விட்டாள். தூக்கினாள். பச்சை. கண் எரிந்தது. கை நடுங்கியது. நடுங்குகிற கையோடும் பச்சை வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் வண்டிக்குள் அவளுடைய கை அப்படித்தான் இருக்கும்.